சல்லடையில் நின்ற கல்லும் மண்தான்: பொதிகைச் சாரலின் சரளை மண்ணைப் படித்து வகைப்படுத்த ஒரு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் பாபநாசத்துக்குப் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து ஒரு பை மண்ணைச் சோதனைக்குக் கொடுத்தேன். பத்து நாளில் அட்டை வந்தது. மணற்பாங்கான குறுமண் (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்), கரிமச்சத்து நன்று, அமிலத்தன்மை லேசு என்று இருந்தது. மனம் குளிர்ந்துபோய், நண்பருடைய சரிவு நிலத்தில் நாவல், வேங்கை, நெல்லி என்று எண்பது கன்றுகளை ஐப்பசி மழையில் நட்டோம். பங்குனி பிறப்பதற்குள் பாதிக்கு மேல் கருகிவிட்டன.

அட்டை பொய் சொல்லவில்லை. பையில் இருந்ததைப் பற்றிச் சரியாகவே சொன்னது. ஆனால் எந்தச் சோதனைக்கூடத்திலும் முதல் வேலை, மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே நிற்பதை ஒதுக்கிவிடுவது. அதற்கும் முன்பே, பை கனக்கிறதே என்று பெரிய கற்களை நானே பொறுக்கி எறிந்திருந்தேன். ஆக, அந்த அட்டை விவரித்த மண் அந்தச் சரிவில் எங்குமே இல்லை. அங்கே இருந்தது பாதி கல், பாதி மண். வேர் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தது அந்தப் பாதி மண் மட்டும்தான்.

மலைக்காட்டுச் சரளை மண்ணைப் படிப்பது என்றால் கல்லையும் சேர்த்துப் படிப்பது. அதைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்பதை இங்கே எழுதுகிறேன். பள்ளிப் பாடத்தில் இந்திய மண்வகைகள் எட்டு என்று படித்தோம். வண்டல், கரிசல், செம்மண் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘காட்டு மண், மலை மண்’ என்று ஒரே வரியில் ஒன்று வரும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை மண் ஒளிந்திருக்கிறது என்பது களக்காட்டிலிருந்து குற்றாலம் வரை நாலு குழி வெட்டிப் பார்த்தால் தெரியும். 2019இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது என்பது மலைக்குத் தெரியாது. ஆகவே இங்கே திருநெல்வேலிச் சீமை என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில், எங்கே தோண்டக் கூடாது

மலையின் பெரும்பகுதி 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அங்கே வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட எடுக்க முயல வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் விளையாட்டில்லை. கற்றுக்கொள்வதற்கு அடிவாரத்துப் பட்டா நிலங்களே போதும். உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு தோண்டுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும் கிணறும், வீடு கட்ட வெட்டிய சரிவும் இலவசமாகக் கிடைக்கும் பாடப் புத்தகங்கள்.

காலம் என்றால் தையும் மாசியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரம் மிச்சம் இருக்கும். சித்திரையில் கடப்பாரை எகிறும், கார்த்திகையில் குழி கிணறாகிவிடும். யானை நடமாட்டம் உள்ள அடிவாரத்தில் வெயில் ஏறிய பிறகு போய், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள்.

இடத்தை எழுதிக்கொள்ளுதல்

குழியில் இறங்குமுன் ஐந்து விஷயங்களை எழுத வேண்டும்: உயரம், சரிவு, சரிவு பார்க்கும் திசை, பாறை, மேலே நிற்கும் காடு. உயரத்தைக் கைப்பேசியே சொல்லிவிடும். சரிவுக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். பத்து மீட்டர் தூரத்தில் மூன்று மீட்டர் இறக்கம் என்றால் 30 சதவீதச் சரிவு.

பாறைதான் இங்கே முக்கியம். நம் மலை பெரும்பாலும் சார்னோக்கைட்டாலும், நைஸ் என்னும் வரிவரியான பாறை வகைகளாலும் ஆனது. சார்னோக்கைட், புதிதாக உடைத்தால் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக மினுங்கும் கருங்கல். சில இடங்களில் நைஸுக்குள் செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். இவற்றின் ஊடே வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) நரம்புகள் ஓடும். மற்றவை மக்கி மண்ணாகும், வெங்கச்சங்கல் மட்டும் எளிதில் மக்காது. குழியின் சுவரில் அது ஒரு கோடாகத் தொடர்ந்து ஓடினால், மண் அந்த இடத்திலேயே பாறையிலிருந்து பிறந்தது என்று பெரும்பாலும் நம்பலாம். கோடு அறுந்து, கூர்முனைக் கற்கள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கலந்து கிடந்தால், மேலேயிருந்து சரிந்து வந்த மண். உருண்டு திரண்ட கூழாங்கல் இருந்தால், இன்று எவ்வளவு தள்ளி இருந்தாலும் அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது. மணிமுத்தாறும் தாமிரபரணியும் மலையை விட்டு இறங்கும் இடங்களில் இதைப் பார்க்கலாம்.

நிலத்தின் முகத்தையும் பாருங்கள். மேற்பரப்பில் சரளை நெருக்கமாகப் பாவியிருந்து, ஒரு சாண் கீழே குறைவாக இருந்தால், நுண்மண்ணை மழை அரித்துக்கொண்டு போயிருக்கிறது. தீப்பட்ட சரிவுகளிலும் ஆடு மாடு மிதித்த இடங்களிலும் இது அதிகம். அதற்காக அந்தக் கல்லைப் பொறுக்கி அப்புறப்படுத்திவிடாதீர்கள். மழைத்துளியின் அடியை இப்போது அதுதான் தாங்கிக்கொண்டிருக்கிறது.

குழி

ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் அல்லது பாறை தட்டும்வரை. சரிவின் மேற்பக்கச் சுவர்தான் நாம் படிக்கப் போகும் பக்கம். அதன் மேலே யாரும் நிற்கக் கூடாது, மண்ணையும் குவிக்கக் கூடாது. மேல்மண்ணை ஒரு சாக்கிலும் அடிமண்ணை இன்னொரு சாக்கிலும் தனித்தனியே குவியுங்கள். கடப்பாரை பட்ட இடம் வழவழவென்று இழுபட்டுப் பொய்த் தோற்றம் காட்டும். அதனால் கத்தியால் மேலிருந்து கீழாகச் சின்னச் சின்னதாகக் கொத்திச் சுவரைப் புதிதாக்கிக்கொள்ளுங்கள்.

மேலே சருகு. அதன் கீழே கறுத்த மேல்மண். பிறகு நிறம் மாறிய நடுமண். பிறகு உதிரும் பாறை, கடைசியில் உடையாத பாறை. எல்லாக் குழியிலும் எல்லா அடுக்கும் இருக்காது. செங்குத்துச் சரிவில் ஒரு சாண் கறுப்பு மண்ணுக்குக் கீழே நேரடியாகப் பாறைதான். கறையான் புற்று அதிகமுள்ள காட்டில் வேறு ஒரு வேடிக்கை உண்டு. கறையான் நுண்மண்ணை மட்டும் மேலே கொண்டுவந்து குவிக்கும், தூக்க முடியாத கல் கீழேயே தங்கிவிடும். பல ஆயிரம் ஆண்டுகளில் மேலே கல்லில்லாத மண்ணும், முக்கால் மீட்டர் ஆழத்தில் ஒரு கல்வரிசையும் உருவாகிவிடும். ஆழத்தில் கல் வரிசையாகக் கிடந்தால் உடனே வெள்ளம் என்று முடிவு கட்டிவிடாமல், சுற்றிலும் புற்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

நிறத்தை ஈரமண்ணில், நிழலில் இல்லாமல், நேர் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மண்ணை வைத்து நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் வண்ண ஏடு இருந்தால் நல்லது. பழுப்பு என்றால் 10 ஒய்ஆர் (மஞ்சள்-சிவப்பு வரிசை), அதிலிருந்து சிவக்கச் சிவக்க 7.5, 5, 2.5 என்று எண் இறங்கும். ஏடு விலை அதிகம். இல்லையென்றால் ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சிட்டிகை மண்ணை ஈரத்தோடு வெள்ளை அட்டையில் தேய்த்து ஆழத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பல குழிகளை ஒப்பிட அந்த அட்டையே போதும்.

சரளையை அளத்தல்

இனி முக்கியமான வேலை. 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது எல்லாம் கல் கணக்கு, அதற்குக் கீழ்ப்பட்டது நுண்மண். 2 முதல் 75 மில்லிமீட்டர் வரை சரளை, 75 முதல் 250 வரை குண்டுக்கல், 250 முதல் 600 வரை பெருங்கல், அதற்கு மேல் பாறைத்துண்டு. மண் ஆய்வாளர்கள் உலகெங்கும் பெரிதும் பயன்படுத்தும் அமெரிக்க முறையின் எல்லைகள் இவை. கொள்ளளவில் 15 முதல் 35 சதவீதம் சரளை இருந்தால் ‘சரளை மண்’, 35 முதல் 60 வரை ‘மிகுசரளை மண்’, 60 முதல் 90 வரை ‘அதிசரளை மண்’ என்று சொல்லலாம்.

கொள்ளளவு என்ற சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். எடை அல்ல. இதில் சறுக்குபவர்கள் ஏராளம், நானும் சறுக்கியவன். கண்ணால் மதிப்பிடலாம்தான், ஆனால் பெரிய கல் கண்ணை இழுத்துவிடும். என் கண் எப்போதுமே கூடுதலாகத்தான் சொல்லும். அதனால் வாளியும் தண்ணீரும் கொண்டு அளப்பதே எனக்குப் பிடித்த வழி.

அளக்க வேண்டிய அடுக்கின் மேல்தளத்தைச் சமமாக்கி, அதில் பெரிய சட்டி அளவுக்கு ஒரு பள்ளம் தோண்டுங்கள். வெளியே வந்த மண், கல், வேர் எதையும் சிந்தாமல் சாக்கில் கட்டுங்கள். பள்ளத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு ஒட்டி விரித்து, லிட்டர் கணக்குப் பார்த்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றிய தண்ணீர்தான் பள்ளத்தின் கொள்ளளவு. நண்பரின் நிலத்தில் நான் கடைசியாக அளந்த பள்ளம் 12 லிட்டர் பிடித்தது.

சாக்கு மண்ணை நிழலில் உலர்த்தி 2 மில்லிமீட்டர் அரிப்பில் சலியுங்கள். எங்கள் பக்கம் சல்லடைக்கு அரிப்பு என்றுதான் பெயர். மேலே நின்றதை அப்படியே கல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதில் மூன்று வகை கலந்திருக்கும். ஒன்று, களி பிடித்த மண்கட்டி. ஓர் இரவு நீரில் ஊறினால் கரைந்துவிடும். இரண்டாவது, உதிரும் பாறைத் துண்டு. பார்வைக்குக் கல், ஊறிய பிறகு விரலால் நசுக்கினால் பொடியும். அதைக் கல் கணக்கில் சேர்க்காமல் தனியே எழுதிவைக்க வேண்டும், ஏனென்றால் அது ஓரளவு நீர் பிடிக்கும், நுனிவேரும் அதற்குள் நுழையும். மூன்றாவதுதான் உண்மையான கல். அதிலும் ஒரு சந்தேகம் தீர்க்க வேண்டும். மிளகிலிருந்து இலந்தைக்கொட்டை அளவு வரை கருஞ்சிவப்பாக உருண்ட மணிகள் இருந்தால் ஒன்றைச் சுத்தியலால் உடையுங்கள். உள்ளே துருநிறத்தில் வளையம் வளையமாக இருந்தால் அது பாறைத்துண்டு அல்ல, இரும்புச்சத்து இறுகி மண்ணுக்குள்ளேயே பிறந்த முடிச்சு, செம்பூராங்கல்லுக்குப் பங்காளி. ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வந்த வரலாறு அதில் இருக்கிறது.

தேறிய கல்லை நன்றாகக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் களி கணக்கைக் கெடுக்கும். விளிம்பு வரை நீர் நிறைத்த வாளியை ஒரு தாம்பாளத்தில் வைத்து, கல்லை மெதுவாக உள்ளே போடுங்கள். வழிந்த தண்ணீர்தான் கல்லின் கொள்ளளவு. என் பள்ளத்தில் 4.7 லிட்டர் வழிந்தது. 4.7ஐ 12ஆல் வகுத்தால் 39 சதவீதம், மிகுசரளை.

இதையே எடையில் பார்த்தால் கல் 12.5 கிலோ, நுண்மண் 8 கிலோ. கல்லின் பங்கு 61 சதவீதம் என்று வரும். அந்த எண்ணைக் கொண்டுபோய்ப் பட்டியலில் வைத்தால் மண் ஒரு வகுப்பு தாண்டி ‘அதிசரளை’ ஆகிவிடும். கல்லின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 2.65 கிலோ, காட்டின் நுண்மண்ணோ இங்கே 1.1 கிலோதான். வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. சோதனைக்கூடம் கல்லின் சதவீதத்தைத் தந்தால், அது எடையா கொள்ளளவா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது கன்றுகள் ஏன் கருகின என்று கணக்குப் போடலாம். கல்லில்லாத நல்ல குறுமண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு, வேர் எடுக்கக்கூடிய நீராக 150 மில்லிமீட்டர் வைத்திருக்கும் என்று கொள்வோம். 39 சதவீதம் கல் போனால் மிச்சம் 91. நண்பரின் நிலத்தில் பாறை அரை மீட்டரிலேயே தட்டியது, ஆக 46. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் செலவு என்றால் ஒன்பது நாள் கையிருப்பு. கன்றின் வேரோ அந்த அரை மீட்டரைக்கூட எட்டியிருக்காது. அட்டையைப் பார்த்து நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு மாதக் கையிருப்பு.

கரிமச்சத்துக்கும் இதே கழிவுதான். நுண்மண்ணில் 2 சதவீதம் கரிமம் என்று அட்டை சொன்னால், 30 செ.மீ. ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 66 டன் என்று கணக்கு வரும். கல்லைக் கழித்தால் 40 டன். காட்டின் கரிம இருப்பைக் கணக்கிடுபவர்கள் இந்த ஓர் இடத்தில் தவறினால் மலையே தவறிவிடும்.

கைப்பதமும் களிப்பூச்சும்

சலித்த நுண்மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். நாடா 2.5 செ.மீ. நீள்வதற்குள் அறுந்தால் குறுமண், 5 செ.மீ. வரை தாங்கினால் களிகலந்த குறுமண், அதற்கு மேலும் நீண்டால் களி. காக்காப்பொன் மினுங்கும் மண்ணில் ஜாக்கிரதை, அதன் வழுவழுப்பு வண்டல்போல் ஏமாற்றும்.

பிறகு நடுமண்ணில் ஒரு கட்டியைப் பெயர்த்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸால் பாருங்கள். கட்டியின் முகத்திலும், துளைகளின் உட்சுவரிலும், சரளையின் மேலும் மெழுகு பூசியதுபோல் ஒரு பளபளப்பு தெரிகிறதா? மேலேயிருந்து மழைநீர் சுமந்துவந்து படிய வைத்த களி அது. இந்தப் பூச்சும், களி அளவில் ஒரு கூடுதலும் இருந்தால், மண்ணியலில் ‘ஆர்ஜிலிக்’ என்னும் களியேறிய அடுக்கு. கூடுதல் எவ்வளவு என்றால், மேல்மண்ணில் களி 15 முதல் 40 சதவீதம் இருக்கும்போது அடியில் அதன் 1.2 மடங்காவது வேண்டும். 15க்குக் குறைவாக இருந்தால் கூடுதலாக 3 சதவீதம், 40க்கு மேல் இருந்தால் 8 சதவீதம். மூன்று கணக்கும் நுண்மண்ணுக்கு மட்டும். இதை உறுதிசெய்யச் சோதனைக்கூடம் வேண்டும். கூடவே கார அமில நிலையும், காரமூலகச் செறிவும் கேட்டு வாங்குங்கள். மண்ணின் பிடிப்பிடங்களில் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், சோடியம் ஆகியவை எத்தனை சதவீதத்தைப் பிடித்திருக்கின்றன என்பதே காரமூலகச் செறிவு. மழை கூடக் கூட இவை கழுவப்பட்டுச் செறிவு இறங்கும்.

பெயர் வைத்தல்

மண்ணை வகைப்படுத்திப் பெயர் வைக்கும் அமெரிக்க முறை (சாயில் டாக்ஸானமி) 1975இல் முழு நூலாக வந்து 1999இல் திருத்தப்பட்டது. அதில் பன்னிரண்டு பெருவகுப்புகள். நம் மலைச்சரிவில் நான்கைந்தைத்தான் எதிர்பார்க்கலாம். கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும், எது முதலில் ‘ஆம்’ என்கிறதோ அங்கேயே நிற்க வேண்டும்.

களியேறிய அடுக்கு இருந்து, ஆழத்தில் காரமூலகச் செறிவு 35 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? அல்டிசால். ஆண்டு முழுவதும் நனைந்து கழுவப்படும் உயர்ந்த சோலைக்காடுகளில் தேட வேண்டியது. அது இல்லையென்றால், கறுத்து, கனத்து, பொலபொலவென்ற மேல்மண் இருந்து, செறிவு கீழே வரை 50 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? மோலிசால். மலையில் அபூர்வம். அதுவும் இல்லை, ஆனால் களியேறிய அடுக்கு உண்டு, செறிவு 35க்குக் குறையவில்லை என்றால் ஆல்ஃபிசால். அடிவாரத்துச் செவல் நிலங்கள் பலவும் இதற்குள் வரும். களி இறங்கவில்லை, நடுமண்ணில் நிறமும் கட்டமைப்பும் மட்டும் மாறியிருக்கின்றன என்றால் இன்செப்டிசால். சரிவுகளில் நான் அதிகம் சந்திப்பது இதைத்தான், ஏனென்றால் மண் முதிர்வதற்குள் அடுத்த சரிவு வந்து மூடிவிடுகிறது. எதுவுமே இல்லை, சருகு, கறுப்பு மண், பாறை அவ்வளவுதான் என்றால் எண்டிசால். கோவில்பட்டிக் கரிசல் சேரும் வெர்டிசாலுக்கு இங்கே வேலையில்லை.

அடுத்து ஈரம். ஓர் ஆண்டில் மண்ணின் ஏதேனும் ஒரு பகுதி மொத்தம் 90 நாளாவது காய்ந்து கிடந்தால் ‘உஸ்டிக்’, அதற்குக் குறைவு என்றால் ‘உடிக்’. பாபநாசம் அடிவாரம் உஸ்டிக். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பிடிக்கும் மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்துப் பக்கம் உடிக். வெப்பத்தில், ஆண்டுச் சராசரி மண்வெப்பம் 22 டிகிரியோ அதற்கு மேலோ இருந்து, கோடைக்கும் குளிருக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குள் நின்றால் ‘ஐசோஹைபர்தெர்மிக்’. மலையேறி 22க்குக் கீழே போனால் ‘ஐசோதெர்மிக்’.

இவற்றைச் சேர்த்தால் பெயர் வந்துவிடும். என் நண்பரின் நிலத்துக்கு வந்த பெயர் இது: லோமி-ஸ்கெலிட்டல், மிக்ஸ்டு, ஐசோஹைபர்தெர்மிக், லித்திக் ஹாப்ளஸ்டால்ஃப்ஸ். மந்திரம்போல் இருந்தாலும் வால் பக்கத்திலிருந்து பிரித்தால் புரியும். ‘ஆல்ஃப்’ என்றால் ஆல்ஃபிசால். ‘உஸ்ட்’ காய்ச்சல் உள்ள ஈரநிலை. ‘ஹாப்ள்’ வேறு விசேஷம் இல்லாத சாதாரணம். ‘லித்திக்’ 50 செ.மீ.க்குள் பாறை. ‘மிக்ஸ்டு’ கலவையான கனிமங்கள். ‘ஸ்கெலிட்டல்’ என்பதுதான் நம் கல். எலும்புக்கூடு என்று பொருள்படும் சொல். அளக்க வேண்டிய ஆழத்தில் கொள்ளளவில் 35 சதவீதமோ அதற்கு மேலோ கல் இருந்தால் இந்த அடைமொழி சேரும். நுண்மண்ணில் களி 35 சதவீதத்துக்குக் குறைவானால் லோமி-ஸ்கெலிட்டல், அதற்குக் குறையாவிட்டால் கிளேயி-ஸ்கெலிட்டல். அளக்கும் ஆழம் களியேறிய அடுக்கு உள்ள மண்ணுக்கு ஒன்று, இல்லாததற்கு வேறு. முன்னதில் அந்த அடுக்கின் மேல் 50 செ.மீ., பின்னதில் 25 முதல் 100 செ.மீ. வரை. இரண்டிலும் பாறை முந்தினால் பாறையோடு நிற்கும்.

எனக்கு இந்த முறையின்மேல் ஒரு குறை உண்டு. ஆறு படிநிலையில் கல் ஐந்தாம் படியில்தான் தலைகாட்டுகிறது. வரைபடங்களோ பெரும்பாலும் முதல் நான்கோடு நின்றுவிடுகின்றன. அதனால் கல்லே இல்லாத செவல் காடும் பாதி கல்லான சரிவும் ஒரே வண்ணத்தில் அச்சாகிவிடும். 2022இல் நான்காம் பதிப்பு கண்ட உலக மண்வள ஒப்பீட்டு முறை இதில் கொஞ்சம் நியாயமானது. அதில் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சராசரி 40 சதவீதம் கல் இருந்தால் ‘ஸ்கெலிட்டிக்’ என்ற அடைமொழி பெயரோடு நேராக ஒட்டிக்கொள்ளும். பாறை 25 செ.மீ.க்குள் இருந்தாலோ, 75 செ.மீ. ஆழத்துக்குச் சராசரி நுண்மண் 20 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, அது ‘லெப்டோசால்’ என்ற தனி வகுப்பே ஆகிவிடும்.

நிலத்தை வன்புலம், மென்புலம் என்று பிரித்த சங்கப் பாடல்களின் காலத்தவர்களுக்கு இந்த அளவுகோல் எதுவும் இல்லை. குறிஞ்சியையும் முல்லையையும் வன்புலம் என்றார்கள். ஏர் இறங்குமா என்பது முதல் கேள்வி அவர்களுக்கு, எனக்கு அது கடைசியில்தான் தோன்றியது. அடிவாரத்து விவசாயிகள் இன்றும் சரள், செஞ்சரளை, செவல் என்று பேசுகிறார்கள். குழிக்குறிப்பின் தலைப்பில் அந்தப் பெயரையும் எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த நிலத்தைத் தேடிப்போகிறவருக்கு ஹாப்ளஸ்டால்ஃப்ஸ் வழி காட்டாது.

குழியை மூடுதல்

அடிமண் முதலில், மேல்மண் கடைசியில், அதன்மேல் சருகு. அளப்பதற்காகச் சலித்து ஒதுக்கிய கல்லை வரப்பில் கொட்டிவிட்டுப் போகாமல், எந்த அடுக்கிலிருந்து வந்ததோ அந்த ஆழத்திலேயே நுண்மண்ணோடு கலந்து போடுங்கள். மண் முதல் மழையில் அமுங்கும், ஆகவே ஒரு சாண் மேடாகவே விட்டுவிடலாம். பிழைத்த கன்றுகளைச் சுற்றி நாங்கள் அடுத்த ஆவணியில் சரிவுக்குக் குறுக்காகப் பிறைவடிவக் கல்வரப்புகள் போட்டோம். அதற்கு வேண்டிய கல்லெல்லாம் அங்கேயே கிடந்தது.